ஒரே ஃபைலை நான்கு தடவை இறக்க வேண்டுமா? வீட்டுக் கணினிகளுக்குள் லினக்ஸ் பேக்கேஜ்களைப் பகிரும் வழிகள்

காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டில் ஐந்து கணினிகள் இருக்கின்றன. முன்னறையில் என் மேசைக்கணினி. தையல் கடைக் கணக்குக்காக மனைவிக்கு ஒரு மடிக்கணினி. கல்லூரி போகும் மகளுக்கு ஒன்று. ஓசூரில் வேலை பார்க்கும் தம்பி சனிக்கிழமை வரும்போது தோளில் தொங்கவிட்டு வருவது ஒன்று. மாலையில் தெருப்பிள்ளைகள் தமிழ்த் தட்டச்சு பழகும் பழைய நெட்புக் ஒன்று. நெட்புக் பழைய 32 பிட் வகை என்பதால் அதில் டெபியன் 12 என்ற லினக்ஸ். மற்ற நான்கிலும் லினக்ஸ் மின்ட் 22.

போன மாங்காய் சீசனில் ஒரு வாரம் ஃபைபர் கேபிள் அறுந்து கிடந்தது. போன் ஹாட்ஸ்பாட்தான் கதி, அதுவும் ஒரு நாளைக்கு 2 ஜிபி. சனிக்கிழமை இரவு தம்பி வந்து உட்கார்ந்ததும் அப்டேட் கொடுத்தான். பக்கத்து அறையில் மகளும் கொடுத்திருந்தாள். நான் ஏற்கெனவே பாதி வழியில் இருந்தேன். மூன்று திரையிலும் ஒரே பெயர்தான் ஓடியது: லினக்ஸ்-ஃபர்ம்வேர். அந்த ஒரு பேக்கேஜே (மென்பொருள் ஃபைல்களை ஒன்றாகக் கட்டிய மூட்டை) சில நூறு எம்பி. அதற்குப் பின்னால் கெர்னல், அதற்குப் பின்னால் லிப்ரே ஆபீஸ். ஒன்பது மணிக்குள் அன்றைய டேட்டா தீர்ந்தது, ஒருவருக்கும் அப்டேட் முடியவில்லை. "அண்ணா, ஒரே வீட்டுல ஒரே ஃபைலை மூணு பேரும் தனித்தனியா எதுக்கு இறக்கறோம்? ஒருத்தர் இறக்கி மத்தவங்களுக்குக் கொடுக்க வழியே இல்லையா?" என்று கேட்டான்.

வழி இருக்கிறது, பல இருக்கின்றன. அவற்றில் மூன்றை வீட்டிலேயே ஓட்டிப் பார்த்தேன். மற்றவற்றைக் கணக்குப் போட்டும் படித்தும் ஒதுக்கினேன். எது வேகம், எது டிஸ்க்கில் குறைவாக இடம் பிடிக்கும் என்றுதான் ஒப்பிட ஆரம்பித்தேன். கடைசியில் முடிவைத் தீர்மானித்தவை வேறு இரண்டு கேள்விகள். எந்தக் கணினி எப்போதும் விழித்திருக்கிறது? எந்தக் கணினி வீட்டை விட்டு வெளியே போகிறது? உங்கள் வீட்டுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்கும்போதும் இந்த இரண்டையும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒரு அடிப்படை. டெபியன், உபுண்டு, மின்ட் எல்லாவற்றிலும் பேக்கேஜ்களைக் கொண்டுவருவது ஆப்ட் என்ற கருவி. அது முதலில், பேக்கேஜ்கள் வைக்கப்பட்டிருக்கும் இணையக் களஞ்சியத்திலிருந்து பட்டியலை இறக்கும். எந்த பேக்கேஜ், எந்தப் பதிப்பு, அந்த ஃபைலின் ஹேஷ் (ஃபைலுக்குக் கைரேகை போன்ற ஒரு எண்) என்ன என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கும். பட்டியல் உண்மையானதுதானா என்று டிஜிட்டல் கையொப்பத்தை வைத்துச் சரிபார்க்கும். அப்புறம்தான் பேக்கேஜை இறக்கி, அதன் ஹேஷ் பட்டியலோடு பொருந்துகிறதா என்று பார்க்கும். இதனால் பேக்கேஜ் எந்த வழியாக வந்து சேர்ந்தாலும், நடுவில் யாராவது மாற்றியிருந்தால் ஆப்ட் அதை ஏற்காது. பக்கத்து அறைக் கணினியிலிருந்து வாங்கினால் பாதுகாப்பு போய்விடுமோ என்ற பயம் இங்கே தேவையில்லை.

முதல் வழி பென்டிரைவ். ஒரு கணினியில் அப்டேட் முடிந்ததும், இறங்கிய டெப் ஃபைல்கள், அதாவது பேக்கேஜ்கள், ஆப்ட் இறக்கியதைச் சேர்த்து வைக்கும் கேச் ஃபோல்டரில் கிடக்கும். அவற்றை அப்படியே எடுத்து இன்னொரு கணினியின் அதே ஃபோல்டரில் போட்டுவிட்டு அங்கே அப்டேட் கொடுத்தால், ஏற்கெனவே இருக்கும் ஃபைலை ஆப்ட் மறுபடி இறக்காது. இரண்டே கணினி, இரண்டிலும் ஒரே பதிப்பு, மாதம் ஒருமுறைதான் அப்டேட் என்றால் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. இதை மனதாரச் சொல்கிறேன். நானே பல வருடம் இப்படித்தான் ஓட்டினேன்.

டெபியன், உபுண்டு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆப்ட்-கெட் என்ற பழைய கட்டளை, இறக்கிய ஃபைல்களை நிறுவிய பிறகும் வைத்திருக்கும். ஆப்ட் என்று மட்டும் அடிக்கும் புதிய கட்டளை நிறுவி முடித்ததும் அவற்றை அழித்துவிடும். ஃபோல்டரைத் திறந்து பார்த்து, ‘எல்லாம் இறங்கியதே, எங்கே போச்சு’ என்று முழிப்பவர்களுக்கு இதுதான் காரணம். இறக்கியதை வைத்திரு என்று அமைப்பில் ஒரு வரி சேர்க்கலாம், அல்லது ஆப்ட்-கெட்டையே பயன்படுத்தலாம்.

பென்டிரைவின் தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. யாராவது ஒருவர் ஞாபகமாகச் செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் எப்போதும் நான்தான். நான் ஒரு வாரம் ஊரில் இல்லையென்றால் மனைவி கணினிக்கு அப்டேட்டே கிடையாது. பட்டியலையும் அவரவர் கணினி தனியாகத்தான் இறக்க வேண்டும். இணையமே இல்லாத இடத்தில் இருக்கும் கணினிக்கு ஆப்ட்-ஆஃப்லைன் என்ற கருவி இருக்கிறது. என்ன வேண்டும் என்பதை அந்தக் கணினி ஒரு ஃபைலில் எழுதிக் கொடுக்கும். இணையம் உள்ள இடத்தில் அதைக் காட்டி, பட்டியலையும் பேக்கேஜ்களையும் சேர்த்து இறக்கிக் கொண்டுவரலாம். சிக்னலே எட்டாத மலைக் கிராமத்தில் ஒரு கணினி வைத்திருப்பவர்களுக்கு அதைத்தான் சொல்வேன்.

இரண்டாவது வழி, அந்த கேச் ஃபோல்டரையே எல்லோருக்கும் பொதுவாக்குவது. என் மேசைக்கணினியில், நெட்வொர்க் வழியாக ஃபோல்டரைப் பகிரும் என்எஃப்எஸ் போட்டு, ஃபோல்டரைத் திறந்துவிட்டு, மற்ற கணினிகள் அதையே தங்கள் கேச் போல இணைத்து மவுன்ட் செய்துகொள்ளும்படி வைத்தேன். கேட்க அழகாக இருக்கிறது. ஒருவர் இறக்கினால் எல்லோருக்கும் கிடைத்துவிடும், காப்பி எடுக்கும் வேலையே இல்லை. நான் ஆசையோடு செய்தது இதுதான். முதலில் கைவிட்டதும் இதுதான்.

ஆப்ட் அந்த ஃபோல்டரைத் தன் ஒருவனுக்கே சொந்தம் என்று நினைத்து எழுதப்பட்டது. ஒரே நேரத்தில் இன்னொருவர் நுழையாதபடி உள்ளே ஒரு லாக் ஃபைல் வைக்கும். மகள் அப்டேட் கொடுத்திருக்கும்போது மனைவி கொடுத்தால், லாக் கிடைக்கவில்லை என்று அவள் கணினி நின்றுவிடும். ஆப்ட் பேக்கேஜ்களை இறக்கும்போது அதிகாரம் குறைந்த தனிப் பயனர் கணக்கு ஒன்றில் இயங்கும். பகிர்ந்த ஃபோல்டரில் அந்தக் கணக்குக்கு எழுத அனுமதி இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை வரும். என்எஃப்எஸ் வழக்கமாக வெளிக் கணினியின் ரூட்டையும் (முழு அதிகாரம் உள்ள பயனர்) ரூட்டாக மதிக்காது, அதற்கும் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். இடம் போதவில்லை என்று யாராவது ஒருவர் கிளீன் கட்டளை அடித்தால் எல்லோருடைய கேச்சும் காலி. இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு மதியம் மின்சாரம் போய் என் மேசைக்கணினி அணைந்தது. மடிக்கணினிகள் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தன. மனைவி ஏதோ நிறுவப் போக, அந்த விண்டோ அப்படியே உறைந்து நின்றது. பிழைச் செய்தியும் இல்லை, மூடவும் முடியவில்லை. சர்வர் திரும்பி வரும்வரை காத்திரு என்பதுதான் என்எஃப்எஸ் மவுன்ட்டின் இயல்பான நடத்தை. எங்கள் பக்கம் கோடையில் மின்சாரம் எப்போது போகும், எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. அன்று மாலையே அதைக் கழற்றிவிட்டேன்.

மூன்றாவது, களஞ்சியத்தையே முழுசாக வீட்டுக்குக் கொண்டுவருவது. ஆப்ட்-மிரர், டெப்மிரர் என்று கருவிகள் இருக்கின்றன. உபுண்டுவின் ஒரே ஒரு வெளியீட்டை, ஒரே ஒரு கணினி வகைக்கு மட்டும் எடுத்தாலும் 100 ஜிபியைத் தாண்டிவிடும். 150 ஜிபி என்றே வைத்துக்கொள்வோம். நாள் ஒன்றுக்கு 2 ஜிபி ஹாட்ஸ்பாட்டில் 75 நாள். 30 எம்பிபிஎஸ் ஃபைபரில் விடாமல் ஓடினால் 11 மணி நேரம். அதோடு முடியாது, தினமும் மாறும் பேக்கேஜ்களை ஒத்திசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த 150 ஜிபியில் எங்கள் ஐந்து கணினியும் சேர்ந்து தொடப்போவது சில ஜிபிதான். ஒரு கூடை மாங்காய் வேண்டும் என்பவர் தோப்பையே குத்தகைக்கு எடுப்பது மாதிரி.

இது வேண்டாதது என்று சொல்லவில்லை. முப்பது கணினி உள்ள பள்ளி ஆய்வகமோ பயிற்சி மையமோ, இணையம் இருக்கிற நாளும் இல்லாத நாளும் ஒரே மாதிரி பாடம் நடக்க வேண்டும் என்றால், களஞ்சியத்தின் முழுப் பிரதியான மிரர்தான் சரி. எந்த மாணவர் எதைக் கேட்டாலும் உள்ளேயே கிடைக்கும். ஒத்திசைவை மட்டும் பல நாள் மறந்துவிடக் கூடாது. டெபியனின் பாதுகாப்பு அப்டேட் பட்டியல்களில், எந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதியே இருக்கும். அந்தத் தேதி கடந்தால் ஆப்ட் ஏற்க மறுக்கும்.

நடுவில் நின்று இணையத்திலிருந்து வாங்கிக் கொடுக்கும், ஸ்க்விட் போன்ற பொது ப்ராக்ஸியைப் பலர் பரிந்துரைப்பார்கள். அது வலைத்தளங்களுக்காக எழுதப்பட்டது. வழக்கமான அமைப்பில் 4 எம்பிக்கு மேற்பட்ட ஃபைலைச் சேமிக்காது. அதை மாற்றலாம்தான், ஆனால் பேக்கேஜுக்கென்றே ஒரு கருவி இருக்கும்போது நான் அதற்குள் போகவில்லை.

அந்தக் கருவி ஆப்ட்-கேச்சர்-என்ஜி. நான் தேர்ந்தெடுத்தது இதைத்தான். ஒரு கணினியில் இதை நிறுவினால் 3142 என்ற போர்ட்டில் (நெட்வொர்க்கில் அதன் வாசல் எண்) காத்திருக்கும். மற்ற கணினிகளின் ஆப்ட் அமைப்பில், ப்ராக்ஸி இந்த முகவரியில் இருக்கிறது என்று ஒரே ஒரு வரி எழுத வேண்டும். எங்கள் வீட்டில் அது 192.168.1.10. அவ்வளவுதான். அப்புறம் மகள் அப்டேட் கொடுத்தால் ஆப்ட் கேச்சரிடம் கேட்கும். கேச்சரிடம் இல்லையென்றால் வெளியிலிருந்து இறக்கி, அவளுக்குக் கொடுத்துக்கொண்டே தன்னிடமும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளும். அடுத்து மனைவி கேட்டால் வீட்டுக்குள்ளிருந்தே போகும். முழுக் களஞ்சியமும் வேண்டாம், யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். லாக் சண்டையும் இல்லை. ஒவ்வொரு கணினிக்கும் அதனதன் ஃபோல்டர் அப்படியே இருக்கிறது, நடுவில் இருப்பது வாங்கிக் கொடுக்கும் ஆள் மட்டும்தான். பட்டியல்களும் இதன் வழியாகவே போவதால் அதிலும் டேட்டா மிச்சம்.

நிறுவிய அன்று முதலில் என் கணினிக்கு அப்டேட் கொடுத்தேன், வழக்கமான வேகம்தான். அப்புறம் மகளின் மடிக்கணினியில் கேபிளைச் செருகிக் கொடுத்தேன். அதே லினக்ஸ்-ஃபர்ம்வேர் நொடிக்கு 11 எம்பி வேகத்தில் வந்தது. 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட், 8 பிட் ஒரு பைட்) கேபிள் போர்ட் தரக்கூடிய முழு வேகம் அதுதான். மகள் டீ எடுத்து வருவதற்குள் முடிந்துவிட்டது. பிரவுசரில் அதே முகவரியையும் போர்ட்டையும் போட்டு அறிக்கைப் பக்கத்தைத் திறந்தால், வெளியிலிருந்து எவ்வளவு வந்தது, வீட்டுக்குள் எவ்வளவு கொடுத்தது என்று கணக்கு இருக்கும். தம்பி ஒவ்வொரு வாரமும் வந்ததும் முதலில் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

பழைய பேக்கேஜ்கள் குவிந்து டிஸ்க் நிறைந்துவிடாதா என்று கேட்கலாம். தினமும் ஒருமுறை தானே கூட்டிப் பெருக்கிக்கொள்ளும். பட்டியலிலிருந்து போய்விட்ட ஃபைலை வழக்கமான அமைப்பில் 4 நாள் கழித்து நீக்கிவிடும். ஏற்கெனவே பென்டிரைவில் டெப் ஃபைல்கள் வைத்திருப்பவர்கள் அவற்றை வீணாக்க வேண்டாம். கேச் இடத்தில் இம்போர்ட்டுக்கென்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அவற்றைப் போட்டுவிட்டு, அறிக்கைப் பக்கத்தில் இம்போர்ட் பொத்தானை அழுத்தினால் சேர்த்துக்கொள்ளும். அதற்கு முன் ஒருமுறையாவது கேச்சர் வழியாகப் பட்டியலை இறக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஃபைல்கள் எங்கே சேர வேண்டும் என்று அதற்குத் தெரியாது. எல்லாக் கணினியிலும் ஒரே மிரர் முகவரியைத் தேர்ந்தெடுத்து வையுங்கள்.

எங்கள் நெட்புக்குக்கு மட்டும் இதில் பெரிய லாபம் இல்லை. 32 பிட் பேக்கேஜ் வேறு, 64 பிட் பேக்கேஜ் வேறு, டெபியன் வேறு, மின்ட் வேறு. கேச்சர் எல்லாவற்றையும் கலக்காமல் பிரித்து வைக்கும், ஆனால் நெட்புக் கேட்பதை வேறு யாரும் முன்னால் கேட்டிருக்க மாட்டார்கள். டெபியன் 13 இல் 32 பிட் கணினியில் நிறுவும் வழியும் நிறுத்தப்பட்டுவிட்டதால் அது 12 லேயே இருக்கும். உங்கள் வீட்டில் ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொரு லினக்ஸ் என்றால் இதே நிலைதான். பகிர்வு பலன் தர வேண்டும் என்றால் முதலில் கணினிகளை ஒரே பதிப்புக்குக் கொண்டுவாருங்கள்.

இனி அந்த இரண்டு கேள்விகளுக்கு வருகிறேன். கேச்சர் ஓடும் கணினி அணைந்திருந்தால் மற்றவை அப்டேட் கேட்கும்போது இணைப்பு மறுக்கப்பட்டது என்றோ சர்வரை எட்ட முடியவில்லை என்றோ பிழை வரும். என்எஃப்எஸ் போல உறையாது, ஆனால் வேலையும் நடக்காது. அப்படியானால் என் மேசைக்கணினியை இரவும் பகலும் ஓட விடலாமா? சும்மா இருக்கும்போது 60 வாட் எடுக்கிறது என்று வைத்தால், இரண்டு மாதத்துக்கு 86 யூனிட் ஆகிறது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அந்த இலவசத்தில் முக்கால்வாசிக்கு மேல் இதற்கே போய்விடும். தம்பி தன்னிடம் சும்மா கிடந்த ராஸ்பெர்ரி பை 3 என்ற கையளவுக் கணினியைக் கொண்டுவந்தான், கேச்சரை அதற்கு மாற்றினேன். வெளி எஸ்எஸ்டியோடு சேர்த்து தாராளமாக 5 வாட் என்று போட்டாலும் இரண்டு மாதத்துக்கு 7 யூனிட்தான். மெமரி கார்டில் கேச்சை வைக்காதீர்கள், ஓயாமல் எழுதினால் கார்டு தாங்காது. பழைய எஸ்எஸ்டி ஒன்று போதும், எங்களுக்கு 120 ஜிபியில் பாதிகூட நிறையவில்லை. புதிதாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்றால், இரண்டு மூன்று கணினிக்காக வாங்காதீர்கள். பகலில் அதிக நேரம் ஓடும் கணினியிலேயே கேச்சரை வைத்து, அது ஓடும்போது மற்றவற்றுக்கு அப்டேட் கொடுத்தால் போதும்.

ரவுட்டரில் அந்த ராஸ்பெர்ரி பைக்கு நிலையான முகவரி ஒதுக்கி வைக்க வேண்டும். நான் முதலில் ஒதுக்கவில்லை. ஒருநாள் மின்சாரம் போய்வந்ததும் ரவுட்டர் அதற்கு வேறு எண்ணைக் கொடுத்துவிட்டது. மனைவி கணினி பழைய எண்ணையே கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு நாளாக அப்டேட் வரவில்லை என்பதே எனக்குத் தெரியவில்லை.

வெளியே போகும் கணினியின் கதை இன்னும் முக்கியம். திங்கள்கிழமை காலை ஓசூரிலிருந்து தம்பி போன் செய்தான்: "அண்ணா, இங்க அப்டேட்டே ஓடமாட்டேங்குது, ஏதோ 3142னு சொல்லுது." ப்ராக்ஸி வரியை நிலையாக எழுதிவிட்டால் மடிக்கணினி எந்த ஊருக்குப் போனாலும் நம் வீட்டு முகவரியையே தேடும். அதற்கு ஆப்டிலேயே வழி இருக்கிறது. நிலையான முகவரிக்குப் பதில் ஒரு சிறு ஸ்கிரிப்டைக் காட்டலாம். அது கேச்சர் எட்டுகிறதா என்று ஒரு நொடி தட்டிப் பார்க்கும். எட்டினால் அந்த முகவரியைச் சொல்லும், எட்டாவிட்டால் நேராகப் போ என்று சொல்லும். ஸ்கிரிப்ட் எழுத வராதவர்களுக்கு ஆட்டோ-ஆப்ட்-ப்ராக்ஸி என்ற பேக்கேஜ் இருக்கிறது, அதை நிறுவினால் ரவுட்டர் போன்ற வழக்கமான சில இடங்களில் கேச்சர் இருக்கிறதா என்று அதுவே தேடிப் பார்க்கும். தம்பி, மகள் இருவர் கணினியிலும் இப்போது ஸ்கிரிப்ட்தான். கேச்சர் ஏதாவது காரணத்தால் படுத்துவிட்டாலும் இந்த இரண்டும் நேராக இணையத்துக்குப் போய்விடும். அதைப் பார்த்த பிறகு வீட்டிலேயே இருக்கும் கணினிகளிலும் அதையே போட்டுவிட்டேன். முதலிலேயே இப்படிச் செய்திருக்க வேண்டும்.

இன்னொரு இடறல், நடுவில் இருப்பவர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ் களஞ்சியங்கள். மின்ட், உபுண்டு, டெபியனின் சொந்தக் களஞ்சியங்கள் சாதாரண எச்டிடிபியில் வருவதால் கேச்சர் அவற்றைப் படித்துச் சேமிக்க முடிகிறது. மகள் நிரல் எழுத உதவும் விஎஸ் கோட் போட்டிருந்தாள். அதன் களஞ்சியம் எச்டிடிபிஎஸ். கேச்சர் உடனே கதவைச் சாத்தி, 403 என்று பிழை கொடுத்தது. எளிய தீர்வு, எச்டிடிபிஎஸ்ஸுக்கு மட்டும் ப்ராக்ஸி வேண்டாம், நேராகப் போ என்று மடிக்கணினியில் இன்னொரு வரி சேர்ப்பது. அந்த பேக்கேஜ் கேச்சில் சேராது, பரவாயில்லை, அதைப் பயன்படுத்துபவள் அவள் ஒருத்திதான்.

மென்பொருள் நிறுவும் வேறு முறைகளான பிளாட்பேக், ஸ்னாப் இரண்டும் ஆப்ட் வழியாக வராதவை. கேச்சரால் அவற்றுக்கு எந்தப் பயனும் இல்லை. பெரிய பிளாட்பேக் ஒன்றை எல்லோரும் போட வேண்டும் என்றால், பென்டிரைவில் ஏற்றிக் கொடுக்கும் வசதி பிளாட்பேக்கிலேயே இருக்கிறது. வீட்டில் விண்டோஸ் 10, 11 கணினிகள் இருந்தால் அவற்றுக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம். அப்டேட் அமைப்பில் டெலிவரி ஆப்டிமைசேஷன் என்று இருக்கும். அதில் வீட்டு நெட்வொர்க்கில் உள்ள கணினிகளோடு மட்டும் பகிர் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

3142 போர்ட்டை ரவுட்டரில் வெளியே திறந்துவிடாதீர்கள். அது வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்.

போன வாரம் மறுபடியும் ஒரு நாள் ஃபைபர் வரவில்லை. ராஸ்பெர்ரி பையும் ரவுட்டரும் ஓடிக்கொண்டிருந்தன. முந்தின இரவே என் கணினி அப்டேட் முடித்திருந்ததால் பேக்கேஜ்கள் கேச்சில் இருந்தன. தம்பி வந்து உட்கார்ந்து, ஹாட்ஸ்பாட்டைத் தொடாமல், வீட்டு வைஃபையிலேயே அப்டேட் கொடுத்தான். பட்டியலைப் புதுப்பிக்க முடியவில்லை என்று ஒரு எச்சரிக்கை வந்தது. அவனிடம் பழைய பட்டியல்தான் இருந்தது, அது கேட்ட ஃபைல்களில் இரண்டு கேச்சில் இல்லை. மற்றதெல்லாம் இறங்கியது. "அந்த ரெண்டையும் நாளைக்குப் பாத்துக்கலாம் அண்ணா" என்று மூடிவைத்துவிட்டுச் சாப்பிட வந்தான்.